மாந்தோப்பில் ஐந்து வாட்: சூரிய ஒளியில் ஹாம் ரேடியோ நிலையம் அமைக்க முழுமையான வழிகாட்டி

காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் மாந்தோப்பு வீட்டில் கரண்ட் போனால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். முதல் முறை அது தற்செயலாக நடந்தது. என் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகத் தொடர்புகொள்ளும் அமெச்சூர் ரேடியோ) பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் வரிசை) இரைச்சல், சிக்னலின் வலிமையைக் காட்டும் மீட்டரில் எஸ்-7 அளவில் நின்று சீறிக்கொண்டிருந்தது. ஊர் இருண்ட அந்த நொடியில் முள் எஸ்-1-க்கு விழுந்தது. சீறலுக்கு அடியில் அதுவரை புதைந்துகிடந்த மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறி) ஒலிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. அத்தனை பேரும் காணாமல் போனார்கள்.

ஒரு எஸ் அலகு என்பது 6 டெசிபெல். ஆறு அலகு 36 டெசிபெல், அதாவது ஏறத்தாழ நான்காயிரம் மடங்கு. எதிர்முனையில் இருப்பவர் தன் 100 வாட்டை நான்கு லட்சம் வாட்டாக உயர்த்தினால்தான் எனக்கு அந்த நன்மை கிடைத்திருக்கும். மின்வாரியம் ஒரு சுவிட்சைக் கீழே இறக்கியதில் அது இலவசமாகக் கிடைத்தது.

சூரிய ஒளியில் குறைந்த சக்தி நிலையம் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பேனல் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இப்போது யாராவது கேட்டால் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன்: முதலில் அமைதி, பிறகு ஆன்டெனா, பிறகு பேட்டரி, கடைசியில் பேனல். கீழே அந்த வரிசையிலேயே போகிறேன். அதற்கு முன் ஒரு கட்டாய வேலை இருக்கிறது.

உரிமம்

உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. கருவி வாங்குவதையும் உரிமம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஹாம் உரிமத்தைத் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும்) பிரிவு. 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ரெஸ்டிரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. அழைப்புக் குறி, அதாவது காற்றில் உங்கள் பெயர், வியூ3 என்று தொடங்கும். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். குறி வியூ2 என்று தொடங்கும். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக.

ஐந்து வாட்டில் இயங்கப் போகிறவர் மோர்ஸ் கற்பதே நல்லது என்பது என் கட்சி. பேச்சு ஏறத்தாழ இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தன் சக்தியைப் பரப்புகிறது. மோர்ஸ் அதையே சில நூறு ஹெர்ட்ஸுக்குள் குவிக்கிறது. அதே ஐந்து வாட், வாய்க்காலில் விட்ட தண்ணீருக்கும் வயலில் பரப்பிய தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு. உலக வழக்கில் க்யூஆர்பி (குறைந்த சக்தி இயக்கம்) என்றால் மோர்ஸில் 5 வாட், பேச்சில் உச்சம் 10 வாட்.

முதல் வேலை: உங்கள் இரைச்சலை அளப்பது

பேட்டரியில் ரேடியோவை ஓட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் யாரும் பேசாத ஓர் இடத்தில் வைத்து மீட்டரைப் பாருங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். இறங்கினால் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் போட்டு எந்த அறை, எந்தக் கருவி என்று கண்டுபிடிக்கலாம். எங்கள் வீட்டில் முதல் குற்றவாளி மாட்டுக்கொட்டகையில் எரிந்த ஒரு மலிவான எல்இடி பல்பு. இரண்டாவது, செல்போன் சார்ஜர். போன் மாட்டாவிட்டாலும் அது கத்திக்கொண்டே இருந்தது.

மெயினை அணைத்தும் இறங்கவில்லை என்றால் எதிரி வெளியே. பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தால் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடங்கள்; எந்தப் பக்கம் உறுமல் கூடுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். நம் பகுதிக்கே உரிய சில ஒலிகளைக் காதுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 'டிக்… டிக்…' என்று கடிகாரம்போல வந்தால் அது மின்வேலி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து போட்ட சோலார் வேலிகளில் ஏதாவது ஒரு கம்பி செடியில் உரசிப் பொறி விட்டாலே ரேடியோவில் கேட்கும். செடியை வெட்டிவிட்டால் வேலிக்காரருக்கும் லாபம், நமக்கும் லாபம். அதனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பகலில் மட்டும் ஒரே சீராகக் கீச்சிடும் இரைச்சல் என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சோலார் பம்பின் டிரைவாக இருக்கலாம். அதற்கு நம் கையில் மருந்து இல்லை. சூரியன் சாயும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கருவி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐந்து முதல் பத்து வாட் தரும் எந்த எச்எஃப் (சிற்றலை) கருவியும் போதும். வாங்கும்போது எல்லோரும் அனுப்பும் சக்தியைப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கேட்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்பதை. நிலையத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி கேட்பதில்தான் போகும்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கைப் பணக்காரர் வீட்டு மாடியிலிருந்து கீழே இறக்கியவர்களில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (வியூ2இஎஸ்இ) முக்கியமானவர். அவர் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியில் காயில் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்காதவர்கள் குழாய்க்குப் போடும் சாதாரண வாஷரையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். ஹார்டுவேர் கடையில் வாஷர் வாங்கிப் பேச்சு ரேடியோ செய்யலாம் என்ற எண்ணமே அன்றைக்குப் புதிது. பின்னாளில் பிட்எக்ஸ்40, மைக்ரோபிட்எக்ஸ் என்று தயார் நிலைப் பலகைகளாகவும் வந்தன. சால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவருக்கு இவையே போதும்.

எந்தக் கருவி வந்தாலும், முதல் நாளே மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: கேட்கும்போது எத்தனை ஆம்பியர், கீயை அழுத்தும்போது எத்தனை ஆம்பியர். என் கருவியில் 0.2, 1.2. இனி வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

ஆன்டெனா: பணத்தை இங்கே போடுங்கள், அல்லது உழைப்பை

100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையே 13 டெசிபெல். இரண்டு எஸ் அலகுக்குக் கொஞ்சம் மேல். பார்த்தால் பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் ஆன்டெனாவில் கோட்டைவிட்டால் அதே அளவை இன்னொரு முறை இழப்பீர்கள். அப்போது எதுவும் மிஞ்சாது.

நம் மண் பாறை மண். கருங்கல் குவாரி இருக்கும் ஊர்களில் தரை நல்ல கடத்தியாக இருக்காது. கோடையில் இன்னும் மோசம். அதனால் தரையை நம்பி நிற்கும் செங்குத்துக் கம்பி ஆன்டெனாவைவிட, தரையைச் சாராத டைபோல்தான் (நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் ஒரு கையாகக் கம்பி நீளும் ஆன்டெனா) இங்கே பொருத்தம் என்பது என் அனுபவம். செய்வது சுலபம். மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமானால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள்ளுங்கள். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு கை 10.07. 14.15-க்கு 10.1 மீட்டர், ஒரு கை 5.05. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரே போதும். உறையை உரிக்க வேண்டியதில்லை. உறை இருப்பதால் கம்பி மின்னியல் கணக்கில் சற்று நீளமாக நடந்துகொள்ளும், கடைசியில் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு கையிலும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்தே தொடங்குங்கள்.

நடுவில் தூக்கிப் பிடிக்க ஒரு மரம் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு தென்னை நிற்கிறது. உச்சிக்குக் கயிறு போட மரம் ஏறுபவரை அழைக்கலாம். இல்லையென்றால் கவண்: தூண்டில் நரம்பின் நுனியில் சிறு ஈயக் குண்டைக் கட்டிக் கிளைக்கு மேல் எறிந்து, அதன் வாலில் நைலான் கயிற்றை இழுத்து, கயிற்றின் வாலில் ஆன்டெனாவை ஏற்றுவது. சாமைக் கொல்லையில் கிளி ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது வீச்சிலேயே விழும். எனக்குப் பதினேழு வீச்சு ஆனது. எறிவதற்கு முன் மேலே பாருங்கள். கிளைக்கு அந்தப் பக்கம் மின்கம்பி போகிறது என்றால் அந்த மரம் உங்களுக்கு இல்லை. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

நடுப்பகுதி எட்டு, ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்கட்டும். இரண்டு கைகளும் சரிந்து இறங்கித் தலைகீழ் 'வி' வடிவில் முடியட்டும். நுனிகள் ஆளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நுனியில் மின்னழுத்தம் கூடுதல். ஐந்து வாட்டிலேயே நூறு வோல்ட்டைத் தாண்டலாம். இன்சுலேட்டருக்குத் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி இரண்டு துளை போட்டால் போதும். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, இவ்வளவு நீளம் கட்டியிருக்கிறாயே, இதில் துணி காயப்போடலாமா?" என்று கேட்டார். காயப்போட்டால் ஜப்பான்காரர் சேலையின் நிறத்தைச் சொல்லிவிடுவார் என்றேன். அன்றிலிருந்து அந்தக் கம்பியை எட்டவே நின்று பார்க்கிறார்.

திசையைப் பற்றி ஒரு சொல். 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகாஹெர்ட்ஸ்) டைபோலை வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டினால் அதன் வலுவான பக்கங்கள் வடமேற்கும் தென்கிழக்குமாக அமையும். நம் ஊரிலிருந்து வடமேற்கில் ஐரோப்பா, தென்கிழக்கில் ஆஸ்திரேலியா. 40 மீட்டர் பேண்டில் இந்தக் கவலை தேவையில்லை. ஒன்பது மீட்டர் உயரம் என்பது அந்த அலைநீளத்தில் கால் பங்குக்கும் குறைவு. சக்தியின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் மோதிக் குடையைப் போலக் கீழே இறங்கும். சென்னை, பெங்களூரு, மதுரை, ஹைதராபாத் எல்லாம் அந்தக் குடைக்குள். நடுவில் சேர்வராயன் மலை நின்றாலும் தடை இல்லை, ஏனென்றால் அலை அதன் தலைக்கு மேலாகப் போய் வருகிறது.

கேபிளுக்கு ஆர்ஜி-58 போதும். பத்து மீட்டர் நீளத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு. அளந்து வெட்ட நானோவிஎன்ஏ என்ற கையடக்கக் கருவி இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஒத்ததிர்வு 7.0-இல் நிற்கிறது, உங்களுக்கு 7.1 வேண்டும் என்றால் அதிர்வெண்ணை 1.4 சதவீதம் உயர்த்த வேண்டும். கம்பியையும் அதே சதவீதம் குறைக்க வேண்டும். 20 மீட்டர் நீளக் கம்பியில் அது 28 சென்டிமீட்டர், கைக்கு 14. வெட்டாமல் மடித்து முறுக்கிக் கட்டுங்கள். வெட்டியதை ஒட்டவைக்க நேர்ந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

பேட்டரி: முதலில் கணக்கு

ஒரு மாலையில் நான்கு மணி நேரம் நிலையத்தில் உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று மணி நேரம் கேட்கிறோம்: 3 × 0.2 = 0.6 ஆம்பியர்-மணி. ஒரு மணி நேரம் மோர்ஸ் அனுப்புகிறோம். மோர்ஸில் கீ பாதி நேரம்தான் அழுந்தியிருக்கும். அந்த அரை மணிக்கு 0.6, மீதி அரை மணிக்கு 0.1. மொத்தம் 1.3. இழப்புக்கும் சேர்த்து 1.5 என்று வைத்தால் 12.8 வோல்ட்டில் ஏறத்தாழ 19 வாட்-மணி. ஒரு 9 வாட் எல்இடி பல்பு இரண்டு மணி நேரம் எரிவதற்கு ஆகும் சக்தி.

எஃப்டி8 என்ற கணினி வழி முறையில் கணக்கு மாறும். 15 நொடிச் சுற்றில் 12.6 நொடி முழு சக்தியில் அனுப்பி, அடுத்த சுற்றில் கேட்பீர்கள். நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டினால் ரேடியோ மட்டும் 2.5 ஆம்பியர்-மணி, 32 வாட்-மணி தின்னும். அது பரவாயில்லை. பக்கத்தில் இருக்கும் லேப்டாப் 20 வாட் வீதம் 80 வாட்-மணி தின்னும். "குறைந்த சக்தி நிலையம்" என்று பெயர் வைத்துக்கொண்டு பேட்டரியின் பெரும்பங்கை லேப்டாப்புக்குக் கொடுப்பதில் என்ன பொருள் என்று யோசித்துத்தான் நான் மோர்ஸ் கீக்குத் திரும்பினேன். எஃப்டி8-தான் வேண்டும் என்றால் செல்போனில் ஓடும் செயலிகளைப் பாருங்கள்.

இப்போது பேட்டரி. யுபிஎஸ்-களில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடை; அதில் பாதியைத்தான் தயக்கமில்லாமல் எடுக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 6 ஆம்பியர்-மணி வாங்கினால் எடை பாதிக்கும் குறைவு, ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். 77 வாட்-மணி, நாம் போட்ட மோர்ஸ் கணக்கில் வெயிலே இல்லாமல் மூன்று மாலை தாங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. ஈய-அமில பேட்டரி கீ அழுத்தும்போது 12 வோல்ட்டுக்குச் சரிந்து, ஐந்து வாட்டையும் குறைத்துவிடும். இரும்பு பாஸ்பேட் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதே பிடிவாதம்தான் அதன் குறையும்: வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. கடைசி நிமிடம்வரை 13 காட்டிவிட்டுச் சட்டென்று அணைந்துவிடும். ஆகையால் வோல்ட் மீட்டரோடு ஆம்பியர்-மணி எண்ணும் சிறு மீட்டர் ஒன்றையும் பொருத்துங்கள்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இந்த பேட்டரிகளின் உள்தடை மிகக் குறைவு. ஃபியூஸ் இல்லாமல் இரண்டு வயரும் உரசினால் வயர் சிவந்து எரியும். மாற்றி மாட்டவே முடியாத கனெக்டர்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். அரை இருட்டில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்து என் முதல் கருவியின் பாதுகாப்பு டயோடைப் புகையாக்கியது நானேதான். வெயில் பற்றியும் ஒரு எச்சரிக்கை: ஏப்ரலில் தகரக் கூரைக்கு அடியில் பேட்டரியை வைக்காதீர்கள். சார்ஜ் செய்ய 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்பதே இந்த வகை பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. எங்களுடையது கேழ்வரகுக் குதிர் இருக்கும் மண்சுவர் அறையில் குளுகுளுவென்று இருக்கிறது.

பேனலும் கண்ட்ரோலரும்

ஒரு நாளைக்கு 20 வாட்-மணி தேவை. மழைக்காலத்தில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நான்கு மணி என்று குறைத்தே வைப்போம். 20 வாட் பேனல் தரும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.1 ஆம்பியர், நான்கு மணிக்கு 4.4 ஆம்பியர்-மணி. தூசியும் இழப்பும் போக 50 வாட்-மணி. தேவைக்கு இரண்டரை மடங்கு. அக்டோபர், நவம்பரில் அடைமழை மூன்று நாள் பிடித்தால் பேட்டரி தாங்கும். நான்காம் நாள் ஒரு வெயிலில் பாதிக்கு மேல் மீளும். ஆக 20 வாட் போதும். 50 வாட் வாங்கியவன் சொல்கிறேன்: பாதிக்கு மேல் வீண்.

இனி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர். கடைக்காரர் விலை கூடிய எம்பிபிடி வகையைத் தலையில் கட்டப் பார்ப்பார். 18 வோல்ட் பேனலைச் சாதாரண பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் 13 வோல்ட் பேட்டரியோடு நேரடியாக இணைக்கிறது, ஐந்து வோல்ட் வீண் என்பது அவர் வாதம். குளிர்நாட்டில் அது சரி. இங்கே மதிய வெயிலில் பேனலின் முகம் 65 டிகிரியைத் தொடும். தரம் அளக்கும் 25 டிகிரியைவிட நாற்பது டிகிரி அதிகம். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் என்று வோல்ட் குறைந்து 18 என்பது 15 ஆகிவிடும். மின்னோட்டம் மட்டும் குறையாது. பேட்டரி நிறைய 14.4 வோல்ட் வேண்டும். எம்பிபிடிக்கு மீட்டுத்தர அங்கே மிச்சமே இல்லை. 20 வாட் பேனலுக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கண்ட்ரோலரில் இரும்பு பாஸ்பேட் வகைக்கான அமைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

இரண்டு வகையும் சுவிட்ச் செய்துதான் வேலை செய்கின்றன. அந்தச் சுவிட்ச்தான் பேண்டு முழுவதும் முள் முள்ளாக இரைச்சலாய்க் கேட்கும். பேனல் வயர் பத்து மீட்டர் நீளம் என்றால் அது தன்னளவில் ஓர் ஆன்டெனா. மருந்து மூன்று. பேனல் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள். கண்ட்ரோலரின் இருபுறமும் 31-ஆம் கலவை ஃபெரைட் வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்று கொடுங்கள். மூன்றாவதுதான் அருமருந்து: பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு சாதாரண சுவிட்ச். ரேடியோ போடும்போது அதை அணைத்துவிடுங்கள்.

சாய்வைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். தர்மபுரி 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமும் உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர்மேல். ஜூனில் வடக்கே 11 டிகிரி தள்ளிப்போகிறது. டிசம்பரில் தெற்கே 35 டிகிரி சாய்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே நிலை என்றால் தெற்கு நோக்கி 12 முதல் 15 டிகிரி வையுங்கள். மழை தூசியைக் கழுவி இறக்க அந்தச் சாய்வே போதும். மாங்காய்க் காலத்தில் பூந்தேன் பிசினும் பூச்சியும் படியும். ஈரத்துணியால் காலையில் துடையுங்கள், மதியம் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முக்கியமாக, நிழல். சாதாரணச் சிறு பேனலில் செல்கள் எல்லாம் ஒரே தொடரில் இருப்பதால் ஒரு செல்லில் விழும் மாவிலை நிழல்கூட மொத்தத்தையும் இழுத்துவிடும்.

ஒரே சூரியன், இரண்டு வேலை

பேனலை நிரப்பும் சூரியன்தான் அயனி மண்டலத்தையும் செய்கிறது. உச்சிவெயிலில் பேட்டரிக்குத் திருவிழா. ஆனால் அதே வேளையில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கான டி அடுக்கு தடித்து, 40 மீட்டரில் ஐந்து வாட்டை விழுங்கிவிடும். அதிர்வெண் குறையக் குறைய விழுங்கல் கூடும். சூரியன் சாயும்போது டி அடுக்கு கரைந்துவிடும், மேலே இருக்கும் எஃப் அடுக்கு இரவிலும் நிற்கும். அப்போது பேனல் தானாகவே தூங்கப் போயிருக்கும்.

பேனலோடு சேர்ந்து ரேடியோவும் பகலில் ஓட வேண்டும் என்று நான் வீணாக ஒரு வருடம் போராடினேன். கண்ட்ரோலரை மாற்றினேன், வளையம் மேல் வளையமாகப் போட்டேன். பிறகு நாளைப் பிரித்துக்கொண்டேன். பத்து மணி முதல் மூன்று மணிவரை பேனல் வேலை செய்யும், ரேடியோ தூங்கும். காலை ஆறரை முதல் ஒன்பதுவரையும் மாலை நாலரைக்குப் பிறகும் சுவிட்ச் அணைந்திருக்கும், ரேடியோ விழித்திருக்கும். சோலார் பம்பும் அப்போது ஓய்ந்துவிடும்.

காலையில் 40 மீட்டர், தென்னிந்தியா முழுவதும். மாலையில் 20 மீட்டர், ஐரோப்பாப் பக்கம் திறந்து இரவு ஒன்பதுவரைகூட நிற்கும். 25-ஆவது சூரியச் சுழற்சி 2024-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டது. அதனால் 15 மீட்டர், 10 மீட்டர் பேண்டுகளிலும் சில மாலைகளில் ஐந்து வாட் வியப்பூட்டும் தூரம் போகிறது. சுழற்சி இறங்கும்போது மேல் பேண்டுகள்தான் முதலில் மூடும், ஆகவே இப்போதே அனுபவித்துவிடுங்கள்.

முதல் தொடர்பு

எடுத்த எடுப்பில் 'சிக்யூ' (யாராவது கேட்கிறீர்களா என்ற பொது அழைப்பு) என்று அழைக்காதீர்கள். உங்கள் குரல் போகிறதா என்று முதலில் பாருங்கள். மோர்ஸில் அழைப்புக் குறியை அனுப்பினால் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கின் தானியங்கி நிலையங்கள் கேட்டு, எங்கே, எத்தனை டெசிபெல் என்று இணையத்தில் காட்டும். எஃப்டி8-க்கு பிஎஸ்கே ரிப்போர்ட்டர் அதே வேலையைச் செய்கிறது. அதில் உங்கள் குறி ஒரு வரியாக எழும்பும் அந்த இரவு தூக்கம் வராது.

பிறகு, வலுவாகக் கேட்கும் நிலையம் அழைக்கும்போது பதில் சொல்லுங்கள். அவர் பலமாகக் கேட்கிறார் என்றால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள், அவரிடம் பெரும்பாலும் நல்ல ஆன்டெனாவும் இருக்கும். கூட்டம் மொய்க்கும்போது முண்டியடிக்காதீர்கள். நூறு வாட்காரர்கள் ஓய்ந்த இடைவெளியில் ஒரே ஒரு முறை, தெளிவாக. மோர்ஸில் க்யூஆர்பிக்காரர்கள் கூடும் இடங்கள் 7.030, 14.060 மெகாஹெர்ட்ஸ். அங்கே எல்லோரும் சிறு சக்திக்காரர்கள். பொறுமையாகக் காது கொடுப்பார்கள்.

பதிவேட்டில் உலக நேரத்தை எழுதுங்கள்: நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். மாலை ஐந்தரை என்றால் 12.00, விடியற்காலை ஐந்தரைக்குத் தேதியே மாறும். உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்ததில் உங்கள் இருப்பிடக் கட்டத்தின் குறியைக் கேட்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு எல்லாம் எம்கே92. ஓசூரும் பென்னாகரமும் ஒகேனக்கலும் எம்கே82. கட்டத்தின் எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. ராயக்கோட்டையைத் தாண்டி மேற்கே போகும்போது அதைக் கடக்கிறோம்.

மலைக்குப் போகும் ஆசை

ஒரு கிலோகூட எட்டாத பேட்டரியும் சுருட்டிய கம்பியும் கையில் வந்துவிட்டால் கால் தானாக மலையைத் தேடும். முதலில் உங்கள் உரிமத்தில் எந்த முகவரி, வெளியிடத்தில் இயக்க என்ன நிபந்தனை என்று படியுங்கள். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே கம்பி கட்டுவது கூடாது. காவேரி வடக்கு (2014), காவேரி தெற்கு (2022) வனவிலங்குச் சரணாலயப் பகுதிகளில் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. அங்கே யானைதான் வீட்டுக்காரர். வத்தல்மலைச் சாலையோரத்திலோ கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணைக்கருகே நண்பர் நிலத்திலோ உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம். நெடுஞ்சாலையிலிருந்தும் மின் கோபுரங்களிலிருந்தும் விலகி உட்கார்ந்தால் போதும், இரைச்சல் மானி தரையைத் தொடும்.

சித்திரை, வைகாசியில் மாலை இடி நம் பகுதிக்கு வழக்கம். மேற்கே கறுத்தவுடன் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே எறிந்துவிடுங்கள். இடிச்சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே ஹெட்போனில் 'கிரக்… கிரக்…' என்று மின்னல் தன் வருகையைச் சொல்லும். வெட்டவெளிக் குன்றில் இருந்தால் அந்த முதல் 'கிரக்'குக்கே இறங்கத் தொடங்குங்கள்.

மழை முடிந்து ஒரு வாரம் கழித்து ஆன்டெனாவை ஒரு முறை கீழே இறக்கிப் பாருங்கள். இணைப்பில் செம்பு பச்சையாகியிருக்கும். கொஞ்சம் புளியைக் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மறுபடி ஈயம் வைத்து, சைக்கிள் ட்யூப் துண்டை இறுக்கிச் சுற்றி மேலே ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலை ஆறரைக்கு 7.030-இல் இருப்பேன்.